மாப்பிள்ளை வயலினில் தூசி இல்லை

படம் வீட்டுக்கு வந்த அன்று அதில் முதலில் கண்டுபிடிக்கப்பட்டது நாய்தான். டிரம் பெட்டிக்குப் பக்கத்தில் பின்னங்கால் ஒன்றைத் தூக்கியபடி, உலகத்தில் வேறு கவலையே இல்லாத முகத்தோடு அது நின்றுகொண்டிருந்தது.

“இந்தப் பெட்டி ஏன் நாறுது, ஏன் நாறுதுன்னு என்னைப் போட்டு வறுத்தீங்களே, இப்பப் பாருங்க!” என்று மச்சினன் குதித்தான். “என் கால் நாத்தம்னு எல்லார்கிட்டயும் சொன்னது யாரு? நீதானேக்கா?”

“உன் கால் நாத்தமும் இருக்குடா. நாய் அதுக்கு மேல கொஞ்சம் சேர்த்துச்சு” என்றாள் அக்கா.

அந்த அக்காவின் கணவனைப் பற்றியதுதான் இந்தக் கதை. அந்த வீட்டில் அவனுக்குப் பெயர் மாப்பிள்ளை. கல்யாணமாகி இரண்டு வருடம் ஆகியும் புது மாப்பிள்ளைக்கு உரிய மரியாதை குறையாமல் நடந்துகொண்டிருந்தது. அதுவே அவனுக்கு ஒரு பயம். மரியாதை எந்த உயரத்தில் இருக்கிறதோ, விழுந்தால் அடியும் அந்த உயரத்திலிருந்துதானே படும்?

குடும்பமே ஒரு வாத்தியக் கோஷ்டி. ரயில் நிலையத்தின் படிக்கட்டு முடிகிற இடத்தில், மாலையில் கூட்டம் இறங்குகிற நேரத்தில் நின்று வாசிப்பார்கள். மாமனார் கிளாரினெட், மாமியார் வயலின், மனைவி அக்கார்டியன், மச்சினன் டிரம். மாமியாருக்கு வலப்பக்கம் மாமனார் நிற்பார். இடப்பக்கம் நின்று இரண்டாவது வயலின் வாசிப்பவன் மாப்பிள்ளை. ‘வாசிப்பவன்’ என்ற சொல்லை இப்போதைக்கு அப்படியே வைத்துக்கொள்வோம்.

எதிரே ரொட்டிக் கடைப் படியில் நின்று, யாரிடமும் சொல்லாமல், ஒரு புகைப்படக்காரி அவர்களைப் படம் எடுத்திருந்தாள். சொல்லிவிட்டு எடுத்திருந்தால் மாமனார் வயிற்றை உள்ளே இழுத்திருப்பார், மச்சினன் தலை வாரியிருப்பான். நாய் ஒன்றுதான் இயல்பாக இருந்திருக்கும். சொல்லாமல் எடுத்ததால் ஐந்து பேரும் உள்ளபடியே அகப்பட்டுக்கொண்டார்கள். கேமராவின் உள்ளே இருக்கும் திரை, ஒரு நொடியை ஐந்நூறு துண்டாக நறுக்கி அதில் ஒரே ஒரு துண்டுக்கு மட்டும் திறந்து மூடும். நேரில் பார்க்கும்போது ஒரு துண்டை அடுத்த துண்டு வந்து மூடிவிடுகிறது. நாமும் எல்லாவற்றையும் பார்த்துவிட்டதாக நினைத்துக்கொள்கிறோம். படத்தில் அந்த ஒரு துண்டு எங்கேயும் ஓடாது. எத்தனை நாள் வேண்டுமானாலும் உட்கார்ந்து துருவலாம்.

அந்தக் குடும்பம் துருவியது. புகைப்படக்காரி அன்பளிப்பாகக் கொடுத்த பெரிய பிரதியை மாமனார் சாப்பாட்டு மேசைக்கு மேலே மாட்டினார். ஊசியில் நூல் கோப்பதற்காக மாமியார் வைத்திருந்த பூதக்கண்ணாடி மேசைக்கு இடம் மாறியது. அன்றிலிருந்து தொலைக்காட்சியைச் சீண்டுவாரில்லை. சாப்பிட்ட கையோடு ஒவ்வொருவராகக் கண்ணாடியை வாங்கி ஏதாவது கண்டுபிடிப்பார்கள். படிக்கட்டில் இறங்கும் ஒரு பெரிய மனிதர் இரண்டு காலிலும் வேறு வேறு நிறத்தில் காலுறை போட்டிருந்தார். அக்கார்டியன் வாரில் ஊக்கு குத்தியிருந்தது. மச்சினனின் கால்சட்டை ஜிப்பு திறந்திருந்ததை அவன் அக்கா கண்டுபிடித்து, இரண்டு நாள் அதைப் பற்றியே பேசினாள். மூன்றாம் நாள் மாமனாரின் முறை.

“உங்க கண்ணு எங்க இருக்கு?” என்றார் மாமியார், பூதக்கண்ணாடியை எடுக்காமலே.

“கூட்டத்தைப் பாக்கறேன்.”

“கூட்டம் அந்தப் பக்கம் இருக்கு. நீங்க பாக்கற பக்கம் ரொட்டிக் கடைக் கல்லாதான் இருக்கு. கல்லாவுல உக்காந்திருக்கறது யாரு?”

“ரொட்டி நல்லா வெந்திருக்கான்னு பாத்திருப்பேன்.”

“கிளாரினெட்டை வாயில வெச்சுக்கிட்டா?”

மாமனார் அவசரமாகப் பேச்சை மாற்றினார். “அதை விடு. நம்ம மாப்பிள்ளை முகத்தைப் பாரு. அதுதான் படத்துக்கே உயிர்.”

அதில் பொய் இல்லை. மாப்பிள்ளையின் கண் பாதி மூடியிருந்தது. தலை லேசாகச் சாய்ந்து, உதடு பிரிந்து, ஏதோ ஒரு நல்ல செய்தியை அப்போதுதான் கேட்டவன் போல நின்றிருந்தான்.

“தும்மல் வந்து நின்னுபோன மாதிரி இருக்கு, மச்சான்” என்றான் மச்சினன்.

“சும்மா இருடா. வாசிப்புல கரைஞ்சு நிக்கிறாரு. உனக்கு இந்த ஜென்மத்துல அப்படி ஒரு மூஞ்சி வருமா?” என்றார் மாமனார்.

மாப்பிள்ளை அசட்டுச் சிரிப்பு சிரித்தான். அவனுக்கு அவன் முகம் தெரியவில்லை. அவன் பார்த்தது வேறு. மாமியாரின் வயலினில், தந்திகளுக்குக் கீழே, கரும்பலகை விளிம்பில் சுண்ணாம்புத்தூள் படிந்ததுபோல வெள்ளைத் தூசி படிந்திருந்தது. அவனுடைய வயலினில் தூசியே இல்லை. பளபளவென்று, முகம் பார்த்துச் சவரம் செய்யலாம் போல இருந்தது.

வயலின் எப்படிச் சத்தம் போடுகிறது என்று தெரிந்தால்தான் தூசி இல்லாததற்கு அவன் ஏன் பயந்தான் என்று விளங்கும். வில்லில் கட்டியிருப்பது குதிரை வால் மயிர். அதை வெறுமனே தந்தியில் இழுத்தால் வழுக்கிக்கொண்டு போகும், சத்தம் வராது. அதனால் அதில் ரோசின் தேய்ப்பார்கள். மரப் பிசினைக் காய்ச்சி வில்லைபோல் ஆக்கியதுதான் ரோசின். அதைத் தேய்த்த மயிருக்கு ஒரு பிடிப்பு வந்துவிடும். வில் தந்தியைப் பற்றித் தன்னோடு இழுக்கும். தந்தி ஓர் அளவுக்குமேல் வர மறுத்து உதறிக்கொண்டு திரும்பும். வில் மறுபடி பற்றும். பிடிப்பதும் உதறுவதுமான இந்தச் சண்டை ஒரு நொடிக்குள் நூற்றுக்கணக்கான முறை நடக்கிறது. நாம் அதைச் சங்கீதம் என்கிறோம். ஒவ்வோர் உதறலிலும் துளியூண்டு ரோசின் பொடியாகித் தந்திக்குக் கீழே விழும். ஒரு மாலை முழுக்க வாசித்த வயலினில் வெள்ளைத் தூசி இருந்தே தீரும். இல்லையென்றால் அது வாசிக்கப்படவில்லை.

மாப்பிள்ளையின் வில்லில் இருந்தது ரோசின் இல்லை, சோப்பு.

அந்தக் கூத்து நடந்தது இப்படி. ஜவுளிக்கடை முதலாளி ஒருவர் பெண் கேட்டு வந்தபோது, “வாத்தியம் வாசிக்கத் தெரிஞ்சவனைத்தான் கட்டுவேன்” என்று இப்போது இவன் மனைவியாக இருப்பவள் முகத்தில் அடித்தாற்போலச் சொல்லிவிட்டாள். அந்தச் செய்தி காதில் விழுந்ததும் மாப்பிள்ளை ஒரு வயலின் வகுப்பில் போய்ச் சேர்ந்தான். வில்லை எப்படிப் பிடிப்பது, எப்படி நிற்பது என்ற பாடம் வரைக்கும் ஒழுங்காகப் போனான். நிற்பது அவனுக்குப் பிரமாதமாக வந்தது. பெண் பார்க்கப் போன இடத்தில் ‘வயலின் படிச்சிருக்கேன்’ என்றான். கல்யாணம் முடிந்தது, படிக்கட்டின் கீழ் நிற்க வைத்தார்கள். முதல் வாரம் அவன் வில்லை இழுத்தபோது எண்ணெய் காணாத கைவண்டி மேட்டில் ஏறுகிற சத்தம் வந்தது. ஓர் அம்மா கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்த வழியே படியேறி ஓடினாள். அந்த ஓட்டத்தைப் பார்த்த அன்று வீட்டுக்கு வந்து, வில் மயிரை நன்றாகக் கழுவி, குளியல் சோப்பைத் தேய்த்துக் காயவைத்தான். மறுநாள் அவன் வில் வெண்ணெயில் கத்தி போகிறமாதிரி சத்தமில்லாமல் போனது. இரண்டு வயலினும் ஒரே மெட்டு. கிளாரினெட்டும் டிரம்மும் போடுகிற கூச்சலில் கேட்கிறது ஒன்றா இரண்டா என்று யாருக்குத் தெரியும்? யாருக்கும் தெரியவில்லை.

மாட்டிக்கொண்டால் என்ன ஆகும்? டிரம் பெட்டியைச் சுமக்கிற வேலை மச்சினனிடமிருந்து இவனுக்கு வரும். அது ஒரு பெரிய விஷயமில்லை, பெட்டி நாறினாலும். மனைவி என்ன சொல்வாள் என்பதுதான் விஷயம். ஜவுளிக்கடையை வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தவள். 

இந்த நிலைமையில் புகைப்படக்காரி போன் செய்தாள். மாமனார் எழுந்து நின்று பேசினார். பேசி முடித்துவிட்டு மார்பைத் தடவிக்கொண்டார்.

“ஞாயித்துக்கிழமை நூலக மண்டபத்துல அந்தம்மாவோட படக் கண்காட்சி. நம்ம படத்தை ஆள் உயரத்துக்கு மேல பெருசு பண்ணி நடுவுல நிறுத்தறாங்களாம். நாம போய் வாசிக்கணும். அதுல, படத்துல இருக்கற அந்த வயலின்காரரு தனியா ஒரு மெட்டு வாசிக்கணுமாம். பாக்கறவங்க எல்லாரும் அவரைப் பத்தித்தான் கேக்கறாங்களாம்.”

“நீங்க என்ன சொன்னீங்க, மாமா?” என்று கேட்டபோது மாப்பிள்ளையின் குரல் எங்கிருந்தோ வந்தது.

“என்னத்தைச் சொல்றது? ஒண்ணு என்ன, ரெண்டே வாசிப்பாருன்னேன். அப்புறம் நானே இழுத்துப் பிடிச்சு ஒண்ணுல நிறுத்தினேன்.”

மனைவி மேசைக்கு அடியில் அவன் கையைப் பிடித்து ஓர் அழுத்து அழுத்தினாள். “அந்த மெதுவான மெட்டை வாசி. உன்னைத் தனியா நான் கேட்டதே இல்ல.”

தூக்கம் போனது. மறுநாள் பிற்பகல் வீட்டில் யாரும் இல்லாத நேரம் பார்த்து நாற்காலியைப் போட்டுப் படத்தின் முன் ஏறினான். முதலில் சாட்சியை ஒழிக்க வேண்டும், மற்றதைப் பிறகு பார்க்கலாம் என்பது அவன் கணக்கு. தீக்குச்சி முனையில் பற்பசையைத் தொட்டு, படத்தின் கண்ணாடி மேல், தன் வயலினின் தந்திகளுக்கு நேராக ஒரு பொட்டு வைத்தான். இறங்கிப் பார்த்தான். தூசி மாதிரிதான் இருந்தது, ஆனால் போதவில்லை. இன்னொன்று. இன்னும் ஒன்று. அளவு சரியாக இருக்கிறதா என்று ஒப்பிடுவதற்காகப் பூதக்கண்ணாடியோடு படத்தில் இருந்த மாமியாரின் வயலினுக்குப் போனவன், அங்கிருந்து கொஞ்சம் மேலே போய்விட்டான். மாமியார் எப்போதும் தலையைச் சுற்றித் துணி கட்டியிருப்பார். அந்த ஒரு துண்டு நொடியில் காற்று அந்தத் துணியை விலக்கியிருந்தது. இடது காது தெரிந்தது. காதுக்குள் வெள்ளையாக என்னவோ இருந்தது. தூசியும் இல்லை, தோடும் இல்லை.

பார்த்துக்கொண்டே நின்றான். வாசல் கதவுச் சத்தம் கேட்டது. இறங்கி ஓடினான்.

அன்று இரவுச் சாப்பாட்டில் மச்சினன் நிமிர்ந்து பார்த்துக் கத்தினான். “மச்சான், உன் வயலின் மேல புறா எச்சம் போட்டுட்டுப் போயிருக்கு!”

மாமியார் பூதக்கண்ணாடியை வாங்கினார். நிதானமாகப் பார்த்தார். நகத்தால் ஓரத்தில் ஒரு சுரண்டு சுரண்டினார்.

“ரோசின்டா அது. வயலின் வாசிக்கறவங்களுக்குத் தெரியும். சாப்பிடு” என்று சொல்லி உட்கார்ந்தார்.

மாப்பிள்ளைக்குப் போன உயிர் திரும்பி வந்தது. மறுநாள் காலை மாடியில் துணி காயப்போட வந்த மாமியார் வாளியை வைத்துவிட்டு, அவனைப் பார்க்காமலே கேட்டபோது அது மறுபடி போயிற்று.

“மாப்பிள்ளை, ரோசின் புதினா வாசம் அடிக்குமா?”

அவன் வாளியிலிருந்து ஒரு துணியை எடுத்துப் பிழியத் தொடங்கினான்.

“போய் உங்க வில்லைக் கொண்டு வாங்க.”

கொண்டு வந்தான். மாமியார் மயிரில் விரலை ஓட்டினார். விரலை முகர்ந்தார். “இது துணி சோப்பா, குளிக்கற சோப்பா?”

“குளிக்கறது, அத்தை.”

“அந்த மட்டும் மரியாதை குடுத்திருக்கீங்க. எவ்வளவு நாளா?”

“ரெண்டு வருஷமா.”

“ரெண்டு வருஷமா!” மாமியார் ஈரத் துணியை எடுத்து ஓர் உதறு உதறினார். துளிகள் அவன் முகத்தில் தெறித்தன. “ரெண்டு வருஷமா என் பக்கத்துல நின்னு பல்லு விளக்கற மாதிரி கையை ஆட்டிக்கிட்டு இருந்திருக்கீங்க. எவ்வளவு நெஞ்சழுத்தம் இருக்கணும்? என் பொண்ணு உங்களை வயலின்காரர்னு நம்பிக் கட்டினா. மாமா தெருவெல்லாம் பெருமை பேசிக்கிட்டுத் திரியறாரு.”

எலியும் மூலைக்குப் போனால் திரும்பி நிற்கும். “அத்தை, ஒண்ணு கேக்கலாமா? ரெண்டு வருஷம் கைக்கெட்டற தூரத்துல நின்னீங்க. என்கிட்ட இருந்து ஒரு சத்தமும் வரலைன்னு உங்களுக்கு எப்படித் தெரியாமப் போச்சு?”

துணி பாதி உதறலில் நின்றது.

“படத்துல உங்க இடது காதுல வெள்ளையா ஒண்ணு இருக்கு” என்றான் மாப்பிள்ளை.

மாமியார் மாடிப்படியை ஒருமுறை எட்டிப் பார்த்தார். திரும்பி வந்து குரலைத் தாழ்த்தினார். “பஞ்சு. உங்களுக்குத்தான் வெச்சேன். முதல் வாரம் நீங்க வாசிச்சதை நீங்க கேட்டீங்கல்ல? ஒரு பொம்பளை பச்சைக் குழந்தையைத் தூக்கிக்கிட்டு ஓடினாளே, மறுநாளே வெச்சேன்.”

“அன்னைக்கு ராத்திரிதான் அத்தை நான் சோப்பு போட்டேன்.”

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். இவன் சத்தத்தை நிறுத்திய அன்றிலிருந்து அவர் அதைக் கேட்காமல் இருக்கப் பாடுபட்டிருக்கிறார். வாளியில் இருந்த துணிகளுக்கு வாய் இருந்தால் சிரித்திருக்கும்.

“அப்ப உங்க வாசிப்பு மட்டும் உங்களுக்கு எப்படிக் கேக்குது?” என்றான் மாப்பிள்ளை.

“தாடையில.” மாமியார் தாடையைத் தட்டிக் காட்டினார். “வயலின் மேல தாடையை வெச்சுத்தானே வாசிக்கறோம்? மரம் அதிர்ந்தா எலும்பு அதிரும், எலும்பு உள்ளேயே கொண்டுபோய்ச் சேர்த்துடும். காது எதுக்கு? தாளம் கால்ல வந்துடும். அவன் டிரம்மைப் போட்டு அந்த அடி அடிக்கறானே, தரையே சொல்லும்.” சொல்லச் சொல்ல அவருக்குக் கோபம் கொஞ்சம் ஆறியது. “சரி, இப்ப ஞாயித்துக்கிழமைக்கு என்ன பண்ணப் போறீங்க?”

“ஓடிப்போகலாம்னு இருக்கேன்.”

“ஓடினா நான்ல மாட்டுவேன்? பக்கத்துல ஒருத்தன் ஊமை வயலின் வாசிக்கறது தெரியாத நீ என்னடி வயலின்காரின்னு உங்க மாமா கேட்டா, நான் மூஞ்சியை எங்க கொண்டுபோய் வெச்சுக்கறது?” வாளியை இடுப்பில் தூக்கி வைத்தார். “அந்தப் படம் ஆள் உயரத்துக்கு மேலன்னு சொன்னாரே? அதுக்குப் பின்னாடி ஒரு ஆள் நிக்க இடம் இருக்கும்.”

திட்டம் எளிமையானது. முதலில் எல்லோரும் சேர்ந்து வாசிப்பார்கள். தனி மெட்டு வருகிறபோது மாமியார் தலைவலி என்று சொல்லிவிட்டு, வயலினோடு பக்கத்து வாசல் வழியாகப் போய்ப் படத்துக்குப் பின்னால் நின்றுகொள்வார். மாப்பிள்ளை குதிகாலால் சட்டத்தை இடித்தால் படம் ஆடும். ஆடியதும் அவர் தொடங்குவார். மெட்டு இரண்டு சுற்று. அவன் முன்னால் கையை ஆட்ட வேண்டியது, அதில்தான் அவனுக்கு நல்ல பழக்கம் இருக்கிறதே.

ஞாயிற்றுக்கிழமை மண்டபம் நிறைந்திருந்தது. பெரிதாக்கிய படத்தில் மாமனாரின் பார்வை ரொட்டிக் கடையை நோக்கி எதிர்ச்சுவர் வரைக்கும் போனது. நாய்க்குத் தனியாக ஒரு கூட்டம் நின்றது. குடும்பம் சேர்ந்து வாசித்த இரண்டு பாட்டும் நன்றாகவே போயின. பிறகு மாமியார் நெற்றியைப் பிடித்துக்கொண்டார், வெளியே போனார். புகைப்படக்காரி அந்த முகத்தைத் தான் எப்படிப் பார்த்தாள், எப்படிச் சட்டென்று பித்தானை அழுத்தினாள் என்று நீளமாகப் பேசினாள். மனைவி அக்கார்டியனை மடியில் வைத்து, அதன் காற்றுத் துருத்தியை வாரால் பூட்டிவிட்டு, கேட்பதற்கென்றே உட்கார்ந்துகொண்டாள்.

மாப்பிள்ளை குதிகாலால் இடித்தான். படம் ஆடியது. மெட்டு தொடங்கியது.

சொன்னால் நம்ப மாட்டீர்கள், அது அவ்வளவு அருமையாக இருந்தது. கிளாரினெட்டும் டிரம்மும் அமுக்காமல், வருடக்கணக்காக யாரும் கேட்டிராத மாமியாரின் வயலின் அது. மாப்பிள்ளையின் கை மெட்டின் பின்னாலேயே போனது. முகம் தானாகப் படத்தில் உள்ள முகமாக மாறியது. முதல் சுற்று போயிற்று. இரண்டாவது சுற்றும் குழைந்து இறங்கியது. அவன் கடைசி இழுப்பை நீளமாக இழுத்து, வில்லைக் காற்றில் உயர்த்தி, வயலினை இறக்கித் தலை தாழ்த்தினான். மண்டபம் எழுந்து கைதட்டியது.

மெட்டு மூன்றாவது சுற்றுக்குப் போனது.

மாமியார்மீது முழுத் தப்பும் சொல்ல முடியாது. காலம் முழுக்க அடுத்தவர் சத்தத்துக்கு அடியில் வாசித்த மனுஷி. தனியாக வாசிக்கிற ருசி கண்டதும் இரண்டோடு நிறுத்த மனம் வரவில்லை. கைதட்டல் கேட்டிருந்தால் நிறுத்தியிருப்பார். ஆனால் முன்பு சேர்ந்து வாசித்தபோது வைத்த பஞ்சை எடுக்க மறந்திருந்தார். அவருக்குத் தாடை வழியாக வந்தது சங்கீதம் மட்டும்தான்.

கைதட்டல் அங்கொன்றும் இங்கொன்றுமாக ஓய்ந்தது. வயலினைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நின்ற வயலின்காரரையும், எங்கிருந்தோ பொங்கி வருகிற வயலினையும் ஜனம் மாறி மாறிப் பார்த்தது. மாப்பிள்ளை மனைவியின் பக்கம் திரும்பவில்லை. திரும்பாமலே அவள் பார்வை கன்னத்தில் சுட்டது.

மாமனார் எழுந்து, மெல்ல நடந்து, படத்துக்குப் பின்னால் போனார். மெட்டு அறுந்தது. அதன்பின் உள்ளே நடந்ததை யாரும் பார்க்கவில்லை. மண்டபம் முழுக்கக் கேட்டது.

“என்னடி இது, காதுல?”

“பஞ்சு.”

“எதுக்கு?”

“மாப்பிள்ளை முதல்ல வாசிச்சதைக் கேக்க முடியலை. அதுக்கு வெச்சது.”

“சரி. அவரு இந்தப் பக்கம் நிப்பாரு. இந்தக் காதுக்குப் பஞ்சு, நியாயம்தான்.” செருப்புச் சத்தம் மறுபக்கம் சுற்றிப் போனது. “இந்தப் பக்கக் காதுலயும் இருக்கே?”

மண்டபத்தில் நாற்காலிகள் முன்னால் நகர்ந்தன.

“இந்தப் பக்கம் நான்ல நிக்கறேன்?”

முன்வரிசையில் யாரோ இருமினார்கள்.

“எப்பத்துல இருந்து?”

“நமக்குக் கல்யாணம் ஆகி மறு வாரத்துல இருந்து” என்றார் மாமியார். பஞ்சை எடுத்துவிட்டதாலோ என்னவோ, தேவைக்கு மேல் சத்தமாகச் சொன்னார்.

மண்டபம் சிரித்த சிரிப்பில் அந்த ஆள் உயரப் படம் தானாகவே ஆடியது. புகைப்படக்காரி கேமராவைத் தேடி ஓடினாள்.

வீட்டுக்கு வேனில் திரும்பினார்கள். மாமனார் ஓட்டினார். மாமியார் பக்கத்தில் உட்கார்ந்து ஜன்னல் வழியாகத் தெருவை வேடிக்கை பார்த்தார். பின்னால் டிரம் பெட்டிக்கு ஒருபக்கம் மச்சினன், மறுபக்கம் மனைவியும் மாப்பிள்ளையும். இரண்டு தெரு தாண்டியதும் மனைவி நேராகப் பார்த்தபடியே வாயைத் திறந்தாள்.

“அம்மா கை எதுன்னு எனக்குத் தெரியாதா? நீ வில்லை எடுத்த முதல் இழுப்புலயே தெரிஞ்சு போச்சு.”

“தப்புதான்.”

“தப்புதான்னு சொல்லிட்டாப் போச்சா? ஒண்ணு மட்டும் சொல்லு. ஒரு சத்தம் வாசிக்கலை. அப்புறம் அந்த மூஞ்சி எங்க இருந்து வந்துச்சு? எந்தக் கடையில வாங்கின நடிப்பு அது?”

“நடிப்பு இல்ல.”

“பின்ன?”

“கேட்டுக்கிட்டு இருந்தேன். உன்னைத்தான். எனக்கு அங்க வேற என்ன வேலை?”

யோசித்துப் பார்த்தால் அது சரிதான். வாத்தியம் வாசிக்கிறவர் காதில் பெரும்பாலும் தன் வாத்தியம்தான் விழும். மற்றவர்களைக் கேட்கத் தனிப் பயிற்சி வேண்டும். அந்தப் படிக்கட்டின் கீழ் நின்ற ஐந்து பேரில் ஒருவர் டிரம்மை மட்டும் கேட்டார், ஒருவர் கிளாரினெட்டை மட்டும் கேட்டார், ஒருவர் அக்கார்டியனை மட்டும் கேட்டார், ஒருவர் தாடையை மட்டும் கேட்டார். இரண்டு வருடக் கச்சேரியை முழுசாகக் கேட்ட ஒரே ஆள் மாப்பிள்ளை.

அவள் முதல்முறையாக அவன் பக்கம் திரும்பினாள். பிறகு, “நல்லா இருந்துச்சா?” என்றாள். குரலில் கோபம் இருந்தது. அதோடு வேறொன்றும் இருந்தது.

“நல்லா இருக்கும். மெதுவான மெட்டுல மட்டும், ரெண்டாவது அடி முடியறப்ப துருத்தியை அவசரமா மூடிடுவ. யாரோ வாயைப் பொத்தற மாதிரி இருக்கும்.”

அவள் மடியில் விரல்களை ஓட்டிப் பார்த்தாள். இல்லாத துருத்தியை இழுத்து மூடினாள். மறுபடி மூடினாள். “அடப்பாவி” என்றாள். “ஆமா, மூடறேன்.”

“நான், மச்சான்?” என்று பெட்டிக்கு மேல் தலையை நீட்டினான் மச்சினன்.

“ரொட்டிக் கடையில புது ரொட்டி எடுத்தா உன் தாளம் ஓட ஆரம்பிச்சிடும். வாசம் வந்ததுல இருந்து பாட்டு சீக்கிரம் முடியும்.”

முன் இருக்கையிலிருந்து மாமியாரின் தலை திரும்பியது. “அப்ப நான்?”

“இன்னைக்குத் தனியா வாசிச்சீங்களே அத்தை, அது மாதிரி நான் கேட்டதே இல்ல. ஆனா தெருவுல, பஞ்சு வெச்ச நாள்ல இருந்து சுருதி ஒரு நூல் மேல போய் நிக்குது.”

மாமியார் காதுக்குள் விரலை விட்டுப் பார்த்துக்கொண்டார்.

“நாளையில இருந்து வயலினை வீட்டுலயே வெச்சுட்டு வா” என்றாள் மனைவி. “படியில உக்காந்து கேளு. வீட்டுக்கு வந்து ஒவ்வொருத்தருக்கும் என்னன்னு சொல்லு. அதைச் சரியாச் செய்யலைன்னா, ஜவுளிக்கடைக்காரருக்கு இன்னும் கல்யாணம் ஆகலையாம், ஞாபகம் வெச்சுக்க.”

“பெட்டியும் தூக்கணும்” என்றான் மச்சினன் அவசரமாக.

மாப்பிள்ளை தலையாட்டினான். மூச்சை இழுத்து விட்டான். இரண்டு வருடத்தில் முதல்முறையாக அது முழு மூச்சாக இருந்தது.

அப்போதுதான் மாமனார் பேசினார். மண்டபத்தை விட்டுக் கிளம்பியதிலிருந்து அவர் வாயைத் திறக்கவே இல்லை.

“மாப்ளே.”

“சொல்லுங்க, மாமா.”

“நான் எப்படி வாசிக்கறேன்?”

மாமியார் சட்டென்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். மச்சினன் டிரம் பெட்டியைக் கட்டிப்பிடித்தான். மனைவி கணவனின் முட்டியைப் பற்றிக்கொண்டாள். மாப்பிள்ளை முன்னால் பார்த்தான். சாலை இறக்கத்தில் போய்க்கொண்டிருந்தது. முன்னால் ஒரு லாரி. மாமனாரின் இரண்டு கையும் ஸ்டீயரிங்கை இறுக்கிப் பிடித்திருந்தன. கண் சாலையில் இல்லை, பின்பக்கம் காட்டும் கண்ணாடி வழியாக மாப்பிள்ளைமேல் இருந்தது.

“சொல்றேன், மாமா” என்றான் மாப்பிள்ளை. “முதல்ல வண்டியை ஓரமா நிறுத்துங்க.”